ரேடியோவை நிறுத்திய நாள்

முகாமில் எல்லோரும் அவளைச் சவுண்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயருக்கும் ஆளுக்கும் ஒட்டே கிடையாது. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்த் தும்முகிற பெண் அவள். யானைகளையும் பாகர்களையும் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்த குழுவில் ஒலிப்பதிவு அவள் வேலை. நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, காற்றுச் சத்தம் ஏறாமலிருக்க அதற்கு ஒரு மயிர்ச்சட்டையும் மாட்டி, ஹெட்போனோடு நடப்பாள். பதினாறு வருஷம், முப்பதுக்கு மேல் படங்கள். எதிலும் அவள் குரல் ஒரு சொட்டு விழுந்ததில்லை. அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்தவர் ரேடியோ.

ரேடியோ ஒரு பாகர். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, நரைத்த மீசை. காலையில் கொட்டிலுக்குள் நுழையும்போது திறக்கிற வாயைச் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் மூடுவார். பெயர் வைத்தது கூட வேலை செய்கிற பாகர்கள். ஸ்டேஷனையும் மாற்ற முடியாது, அணைக்கவும் முடியாது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர் பார்த்துக்கொண்ட யானைக்கு முகாம் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது அக்கா.

"என்னைவிட ரெண்டு வயசு மூத்தவங்க மேடம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் முதல் நாளே.

அக்காவுக்குக் கண் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, மருந்துக்கும் அடங்காமல், பார்வை மொத்தமாகப் போய்விட்டது. இதைச் சொன்னால் புதிதாகப் பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். ஏனென்றால் அக்கா நடக்கிற நடை அப்படி. மற்ற பாகர்கள் யானையின் கழுத்தில் உட்கார்ந்து போவார்கள். ரேடியோ ஐந்து வருஷமாக மேலே ஏறுவதில்லை. செருப்பில்லாத காலோடு முன்னால் நடப்பார். சங்கிலி இல்லை, கயிறு இல்லை, கையில் குச்சிகூட இல்லை. அவருக்கு மூன்றடி பின்னால் அக்கா, வேரைத் தாண்டி, குழியை ஒதுக்கி, நாலு டன் உடம்பைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

"மேல ஏன் ஏற மாட்டீங்க?" என்று இயக்குநர் ஒருமுறை கேட்டார்.

"நல்லா இருக்கே சார். நான் மேல ஜம்முன்னு உக்காந்துகிட்டு, முள்ளு எங்க இருக்குன்னு அவங்க காலால பார்க்கச் சொல்லவா?"

சவுண்டம்மா ஆறு நாள் அவர்கள் பின்னாலேயே அலைந்தாள். அலைய அலைய அவளுக்கு ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய உடம்பு காலை ஊன்றும்போது சருகு நொறுங்குகிற சத்தம், ஒரு பூனை நடந்தால் வருகிற அளவுதான் வந்தது. பாதத்தின் அடியில் அத்தனை மெத்து. மூச்சு தும்பிக்கைக்குள் போய் வருகிற இரைச்சல், காது விசிறும்போது கிளம்புகிற காற்று, தொண்டைக்குக் கீழே எங்கிருந்தோ வருகிற உறுமல். அந்த உறுமல் ஹெட்போனில் கேட்பதற்கு முன் நெஞ்செலும்பில் தெரிந்தது. ரேடியோ தினமும் இரண்டு மணி நேரம் தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டுவார். பிறகு பதினெட்டு நகத்தையும் ஒவ்வொன்றாகத் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்துக்கொண்டிருந்த சவுண்டம்மாவுக்குத் தன் காலைத் தான் கடைசியாக எப்போது பார்த்தோம் என்றே ஞாபகம் வரவில்லை.

எல்லாம் சரி. ஆனால் அந்த வாய்!

மூச்சு நன்றாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். உடனே, "பார்த்துக்கா, இடது பக்கம் கல்லு. ஆங், அதான். என்ன வெயில், என்ன வெயில். மச்சான் இன்னும் ஏணியைத் திருப்பித் தரலைக்கா. எட்டு மாசம் ஆச்சு. கேட்டா இன்னைக்கு, நாளைக்குங்கறான். நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?" என்று ஆரம்பித்துவிடுவார். மனைவியின் தம்பி கூரை சரிசெய்ய வாங்கிப்போன அந்த ஏணியின் வரலாறு, ஆறு நாளில் பதினான்கு முறை பதிவாகியிருந்தது. சவுண்டம்மாவுக்குக் காது புளித்துவிட்டது. அந்த மச்சானை நேரில் பார்த்தால் ஏணியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஏழாம் நாள்தான் முக்கியமான நாள். முகாம் இடம் மாறிக்கொண்டிருந்தது. இருந்த இடத்தில் நீர் வற்றிவிட்டதால், கால்வாய்க்கு அந்தப் பக்கம் பெரிய காட்டை ஒட்டிப் புது முகாம். கால்வாயின் இரு கரையும் செங்குத்தான சிமெண்டுச் சுவர், இறங்கி ஏற வழியில்லை. இரும்புத் தகடு போட்ட ஒரு பாலம்தான் பாதை. அந்தப் பக்கம் போனால் தினமும் அந்தப் பாலத்தில் வந்துபோக வேண்டியிருக்கும். அதனால் பாலத்தை நடந்து கடக்கிற யானைகளுக்குத்தான் அங்கே இடம் என்று உத்தரவு. லாரியில் ஏற்றலாமே என்றால், அக்கா போன தடவை லாரியின் பக்கப்பலகையைப் பெயர்த்துக் கையில் கொடுத்திருந்தாள். மற்ற ஐந்து யானைகளும் முந்தின நாளே போய்விட்டன. அக்கா கடக்காவிட்டால் இந்தப் பக்கக் கொட்டிலில், காலில் சங்கிலியோடு, தன்னந்தனியாக மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டியதுதான். தீர்ப்புச் சொல்ல யானை டாக்டர் வந்திருந்தார். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற மனிதர்.

இயக்குநர் சவுண்டம்மாவைத் தனியாக அழைத்தார். "இந்த ஒரு ஷாட்ல மனுஷக் குரலே வேணாம். இரும்புத் தகடு, அவ காலடி, கீழ தண்ணி. அவ்வளவுதான். எப்படியாவது வாங்கிக் குடுங்க."

அவளுக்கும் அதேதான் ஆசை. நேராக ரேடியோவிடம் போனாள்.

"அண்ணே, பாலத்துல கால் வைக்கிறதுல இருந்து அந்தப் பக்கம் இறங்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. இருமல்கூட வேண்டாம். எனக்காக."

ரேடியோ சிரித்தார். "என் சம்சாரம் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துட்டா, நடக்கல. நீங்க கேக்கறீங்க, செஞ்சிடலாம் மேடம்."

மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினார். அக்கா பின்னாலேயே ஏறினாள். தகடு லேசாக முனகியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஹெட்போனில் காலடிகள் அவ்வளவு துல்லியமாக விழுந்ததில் சவுண்டம்மாவுக்குப் புல்லரித்தது. ஐந்து. ஆறு.

பிறகு ஒன்றுமில்லை. அக்கா நின்றுவிட்டாள். காதுகள் இரண்டும் விரிந்து அப்படியே நின்றன. தும்பிக்கை மேலே போனது, இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது. ரேடியோ நாலடி முன்னே போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் ஓடி வந்து காலைத் தொடுவதற்குள் அவள் மிரண்டுவிட்டாள். பின்னால் சாய்ந்ததில் பாலத்தின் கைப்பிடிக் கம்பி வளைந்தது. டாக்டர் எல்லோரையும் விலகச் சொல்லிக் கத்தினார். "அக்கா, அக்கா, ஒண்ணுமில்லக்கா, நான்தான்" என்று ரேடியோ அப்போதுதான் வாயைத் திறந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அக்கா ஒவ்வொரு காலாகப் பின்னுக்கு எடுத்து வைத்து, ஏறின இடத்திலேயே இறங்கினாள். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கையிலிருந்த படிவத்தில் 'தகுதியில்லை' என்று எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ரேடியோ அக்காவைக் கொட்டிலுக்கு அழைத்துப் போனார்.

மதியம், தீவனக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சவுண்டம்மா அந்த ஏழு நாள் பதிவையும் ஓடவிட்டாள். இயக்குநருக்குச் சுத்தமான காலடிச் சத்தம் கொஞ்சமாவது எடுத்துக் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான். ரேடியோவின் பேச்சு இல்லாத இடமாகத் தேடினாள். மூன்றாம் நாள் ஓர் இடம் கிடைத்தது. அவர் தண்ணீர் குடிக்கிறார், பேச்சு இல்லை. ஆனால் அங்கே காலடியும் இல்லை. போகட்டும் என்று தள்ளினாள். நான்காம் நாள் காலில் குத்திய முள்ளைப் பிடுங்கக் குனிகிறார், பேச்சு இல்லை. காலடியும் இல்லை. "போலாமாக்கா" என்கிறார், காலடி தொடங்குகிறது. அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் நாளிலிருந்து கேட்டாள். பதினோரு இடங்கள். பதினோரு இடத்திலும் பேச்சு நின்று ஆறேழு அடிக்குள் அக்கா நின்றிருந்தாள். பேச்சு வந்ததும் நடந்திருந்தாள்.

ஏணி, வெயில், மச்சான் என்று அவள் குப்பையாக ஒதுக்கிய அத்தனையும்தான் அந்த யானைக்குப் பாதை. அதைத்தான் அவள் எனக்காக நிறுத்துங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே அப்படியொரு கோபம் வந்தது.

கொட்டிலுக்கு ஓடினாள். ரேடியோ அக்காவின் முன்னங்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க எப்ப இருந்து இப்படிப் பேசறீங்க?"

அவர் முகம் சுருங்கியது. "தொந்தரவா இருந்துதா மேடம்? எனக்கே தெரியல. முன்னாடியெல்லாம் நான் வாயே திறக்க மாட்டேன். கல்யாணமான புதுசுல என் சம்சாரம் 'ஊமையைக் கட்டி வச்சிட்டாங்க'ன்னு அவ அம்மாகிட்ட அழுதிருக்கா. இந்தப் பழக்கம் இப்பதான், ஒரு அஞ்சு வருஷமா. அக்காவுக்குக் கண்ணு மங்கின சமயம்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. ஐந்து வருஷமாகத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அந்த மனிதருக்கே தெரிந்திருக்கவில்லை. யாரும் சொல்லித்தராமல், யோசிக்காமல், அக்காவுக்குப் பார்வை குறையக் குறைய அவருக்குப் பேச்சு வளர்ந்திருக்கிறது. இப்படி ஒரு மனிதர் உலகத்தில் இருக்கிறார் என்பதே சவுண்டம்மாவுக்குக் கண்ணைக் கரித்தது.

டாக்டரைத் தேடிப் போனபோது இயக்குநரும் அங்கேதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் அவளை ஓரமாக இழுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க. அந்த ஷாட்டைப் பார்த்தீங்களா? கண்ணு தெரியாம நடுப்பாலத்துல நிக்குது. பார்க்கிறவங்க அழுதுடுவாங்க. படத்துக்கு அதான் முடிவு."

"அந்த முடிவை எழுதினதே நான்தான் சார். நான் வாயை மூடச் சொன்னேன், அது நின்னுடுச்சு. அதைப் போய் யானையோட குறைன்னு காட்டுவீங்களா?"

மறைவாகப் பேசத்தான் நினைத்தாள். பாதி முகாமுக்குக் கேட்டது. டாக்டர் எழுந்து வந்து ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். பதினோரு இடத்தையும் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பாலத்தில் விழுந்த ஆறு காலடியையும் கேட்டார்.

"வாரா வாரம் வந்து பார்க்கிறேன். காது, பல்லு, கால், ரத்தம், எல்லாம் பார்க்கிறேன்" என்றார் மெதுவாக. "இதை நான் பார்க்கலையேம்மா." ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்து, "நாளைக்குக் காலைல ஒரு தடவை. அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் முகாமே பாலத்தருகே நின்றது. வளைந்த கம்பியை நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். ரேடியோ குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"பேசுங்க அண்ணே" என்றாள் சவுண்டம்மா.

ரேடியோ வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொண்டையைச் செருமினார். "என்ன மேடம் பேசறது?"

"எப்பவும் பேசறதுதான்."

"அக்கா… வாங்க… வாங்க" என்றார். மேடையில் மாட்டிக்கொண்ட பள்ளிப்பிள்ளையின் குரல் அது. அக்கா தகட்டில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு நின்றாள். தன் குரலின் விலை தெரியாதவரைக்கும் அவரால் நாளெல்லாம் பேச முடிந்தது. தெரிந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. முப்பது பேர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு யானையின் மிச்ச ஆயுள் நாக்கு நுனியில் இருக்க, யாருக்குத்தான் பேச்சு வரும்? டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் காதுகள் விரியத் தொடங்கின.

சவுண்டம்மா பாலத்தில் ஏறினாள். மைக் கம்பு கையில் அப்படியே இருந்தது, பதிவும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்த ஏணி விஷயத்துல உங்க மச்சான் பக்கம்தான் நியாயம்னு எனக்குத் தோணுது."

ரேடியோ சடாரென்று திரும்பினார். "என்னது?"

"அவர் வீட்டுக் கூரைதானே ஒழுகுது? உங்க வீட்டுல ஏணி சும்மாதானே கிடந்துது?"

"சும்மா கிடந்துதா? யாரு சொன்னது சும்மா கிடந்துதுன்னு? அக்கா, இவங்க பேசறதைக் கேட்டீங்களா? வாங்க, வாங்க, தகடு கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க. மேடம், கூரை ஒழுகறது ஒரு மாசம். ஏணி போயி எட்டு மாசம்!"

ஒன்று. இரண்டு. மூன்று.

"எட்டு மாசம் ஒரு பெரிய விஷயமா? சொந்தக்காரங்களுக்குள்ள."

"சொந்தக்காரன்னா நேரா வந்து கேக்கணும். இவன் நான் இல்லாத நேரமாப் பார்த்து வந்து, என் சம்சாரத்துகிட்ட நைசாப் பேசி… பாருங்கக்கா, இதான் நடு இடம், கீழ தண்ணி சத்தம் போடும், போடட்டும்… நைசாப் பேசித் தூக்கிட்டுப் போயிட்டான். இவங்க என்னடான்னா அவனுக்கு வக்காலத்து!"

"உங்க மனைவி குடுத்தாங்கன்னா அது திருட்டில்லையே."

"திருட்டுன்னு நான் சொன்னேனா? அக்கா, நான் சொன்னேனா?"

அவருக்குக் காது சிவந்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு பின்னோக்கி நடந்தார். சவுண்டம்மா விடவில்லை. வாழ்நாளில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினாள், குறுக்கே விழுந்து பேசினாள், கத்தினாள். காலடி பத்து, பதினைந்து, இருபது என்று ஒரே சீராக விழுந்துகொண்டே வந்தது. அவ்வளவு பெரிய உயிர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சண்டையின் பின்னால் நம்பி நடந்து வந்ததை இன்றைக்கும் அந்த முகாமில் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

ரேடியோவின் வெறுங்கால் அந்தப் பக்க மண்ணைத் தொட்டது. ஈர மண். அவர் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், பேச்சு அறுந்துவிட்டது. தோள் குலுங்கியது. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு சத்தமே வராமல் அழுதார். அக்காவின் முன்னங்கால்கள் கரைக்கு வந்துவிட்டன. பின்னங்கால்கள் இன்னும் தகட்டில். அவள் நின்றாள். காதுகள் விரிந்தன. தும்பிக்கை மேலே எழுந்து காற்றைத் தேடியது. கீழே தண்ணீர் இரைந்தது. ரேடியோ வாயைத் திறக்கிறார், மூச்சுதான் வருகிறது. அக்கா ஒரு பின்னங்காலைத் தூக்கி, பின்னுக்கு வைக்கப் போனாள்.

"இங்கதான் இருக்காருங்கக்கா" என்றாள் சவுண்டம்மா. அவள் குரலும் உடைந்துதான் வந்தது. "எங்கயும் போயிடல. அழுதுட்டிருக்காரு, அதான் பேச்சு வரல. ரெண்டே அடிதான். வாங்கக்கா."

தூக்கின கால் அந்தரத்தில் நின்றது. பிறகு முன்னே வந்து மண்ணில் பதிந்தது. அடுத்த காலும் வந்தது. அக்கா நடந்து வந்து, தும்பிக்கையால் துழாவி, துண்டையும் அதற்குள் இருந்த முகத்தையும் கண்டுபிடித்து, தும்பிக்கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

யாரும் கைதட்டவில்லை. கேமராக்காரர் கேமராவை விட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். டாக்டர் பாலத்தைக் கடந்து வந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். 'தகுதி உண்டு' என்று எழுதினார். அதற்குக் கீழே, நடப்பதற்குத் தேவைப்படும் உதவி என்ற இடத்தில் சங்கிலி, துணை யானை, இரண்டாம் பாகர் என்று மூன்று அச்சாகியிருந்தது. மூன்றையும் அடித்துவிட்டு, பக்கத்தில் 'பேச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தை ரேடியோவிடம் நீட்டினார்.

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பிறகு அக்காவின் காதருகே போய், அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். ஒரே வார்த்தைதான். நாலு தடவை படித்தார்.